பாலில் டிரிப்டோபான் இருக்கிறது, சரி. அது மூளைக்குப் போய்ச் சேருகிறதா?

தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து (புரதங்களைக் கட்டும் செங்கற்களில் ஒன்று) செரோடோனின் உருவாகிறது, செரோடோனினிலிருந்து மெலடோனின் உருவாகிறது, செரோடோனின் மனநிலையைப் பார்த்துக்கொள்ளும், மெலடோனின் தூக்கத்தைப் பார்த்துக்கொள்ளும், அதனால் டிரிப்டோபான் நிறைந்த பால், முட்டை, வாழைப்பழம், கொட்டைகள் எல்லாம் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு பட்டியல் போடுவார்கள். வேதியியல் பகுதியில் தப்பில்லை, பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். இடறுவது பட்டியல். சாப்பிடுகிற டிரிப்டோபானுக்கும் மூளையில் உருவாகிற செரோடோனினுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. உணவில் எவ்வளவு டிரிப்டோபான் இருக்கிறது என்பதைவிட, அது யாரோடு சேர்ந்து வருகிறது, எப்போது வருகிறது, வந்த பிறகு உடம்பு அதை எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் அளவுக் கணக்கைப் பார்த்துவிடலாம். டிரிப்டோபானை 1901இல் ஆங்கில உயிர்வேதியியலாளர் ஹாப்கின்ஸ் பால் புரதமான கேசினிலிருந்து பிரித்தெடுத்தார். நம் உடம்பால் இதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். புரதங்களில் மிகக் குறைவாகக் கிடைக்கிற அமினோ அமிலங்களில் இதுவும் ஒன்று, பெரும்பாலான உணவுப் புரதங்களில் நூற்றுக்கு ஒன்றோ ஒன்றரையோதான் தேறும். ஆனால் தேவையும் கொஞ்சம்தான். பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 60 கிலோ எடை உள்ளவருக்கு 240 மில்லிகிராம். ஓரளவு புரதத்தோடு வயிறாரச் சாப்பிடுகிறவருக்கு இதைப்போல இரண்டு மூன்று மடங்கு சாதாரணமாகவே கிடைத்துவிடும். ஆகவே, பட்டினியோ கடுமையான புரதக் குறைபாடோ இல்லாத ஒருவருக்கு, 'உங்களுக்கு டிரிப்டோபான் போதவில்லை, அதனால்தான் தூக்கம் வரவில்லை' என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை.

சாப்பிட்ட டிரிப்டோபான் எங்கே போகிறது? ஒரு பகுதி உடம்பின் புரதங்களைக் கட்டப் போகிறது. சிதைக்கப்படுகிற மீதியில் ஏறத்தாழ 95 சதவீதம் கைனுரெனின் பாதை என்ற வேறொரு வழியில் போய்விடும். அந்த வழியின் ஒரு கிளையில்தான் நியாசின் என்ற வைட்டமின் உருவாகிறது, சுமார் 60 மில்லிகிராம் டிரிப்டோபானுக்கு 1 மில்லிகிராம் நியாசின் என்பது வழக்கமான கணக்கு. செரோடோனினுக்கு ஒதுங்குவது சில சதவீதம் மட்டுமே. அந்தச் சில சதவீதத்திலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. செரோடோனினை முதலில் கண்டெடுத்ததும் குடலில்தான். 1930களில் இத்தாலியரான எர்ஸ்பாமர் குடல் சுவரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து வேறு பெயர் வைத்திருந்தார். 1948இல் அமெரிக்காவில் ராப்போர்ட், கிரீன், பேஜ் ஆகியோர் ரத்தத்திலிருந்து ரத்தக்குழாயைச் சுருக்கும் ஒரு பொருளைப் பிரித்தார்கள். இரண்டும் ஒன்றேதான் என்று பிற்பாடு தெரிந்தது. இது மூளையிலும் இருக்கிறது என்று பெட்டி ட்வாராக் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியது 1953இல்தான்.

'செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது, ஆகவே மகிழ்ச்சி வயிற்றில் இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் பாதி உண்மை, இரண்டாவது பாதி அதிலிருந்து கிளம்பவே கிளம்பாது. செரோடோனினால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்ட முடியாது. குடலில் உருவானது குடல் அசைவுக்கும், ரத்தத் தட்டணுக்களில் ஏறிக்கொண்டு ரத்தம் உறைவதற்கும் பயன்படும். மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள வேண்டும். செய்வதற்கான என்சைம்கூட (நொதி) இரண்டு இடத்திலும் வேறுவேறு வகை, மூளைக்கென்று தனியாக ஒன்று இருப்பது 2003இல்தான் தெரியவந்தது. வாழைப்பழத்தில் செரோடோனினே நேரடியாக இருக்கிறது என்பதும் உண்மை, அது மூளைக்குப் போகாது என்பதும் உண்மை. குடலுக்கும் மூளைக்கும் வேகஸ் நரம்பு வழியாகப் பேச்சுவார்த்தை நடக்கிறது, அதை ஆராய்கிறார்கள், அது வேறு கதை. ஆனால் குடல் செரோடோனின் பொட்டலமாக மூளைக்குப் போய் இறங்குவதில்லை.

சரி, மூளைக்குப் போக முடிந்தது டிரிப்டோபான் மட்டும்தான் என்றால் அது எப்படிப் போகிறது? சுவாரசியமான இடம் இதுதான். மூளைத் தடுப்பில் பெரிய அமினோ அமிலங்களை உள்ளே கடத்திவிடும் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது டிரிப்டோபானுக்கு மட்டும் உரியதல்ல. லூசின், ஐசோலூசின், வேலின், டைரோசின், ஃபினைலாலனின் எல்லாம் அதே வழியாகத்தான் போக வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் ஒல்லியான தனி ஆள் பின்னாலேயே நின்றுவிடுவார் இல்லையா, டிரிப்டோபானின் நிலைமை அதுதான். புரதம் அதிகமுள்ள உணவைச் சாப்பிட்டால் டிரிப்டோபானும் ரத்தத்தில் ஏறுகிறது, ஆனால் அதன் போட்டியாளர்கள் அதைவிடப் பல மடங்கு ஏறிவிடுகிறார்கள், கடைசியில் மூளைக்குள் நுழையும் டிரிப்டோபான் கூடாது, சில சமயம் குறையவும் செய்யும். அதாவது, டிரிப்டோபான் அதிகம் என்று பட்டியலில் முதலில் வரும் உணவுகளே மூளை செரோடோனினை உயர்த்துவதில் பின்தங்குகின்றன.

இதற்கு நேர்மாறான ஒன்றை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன்ஸ்ட்ராமும் வுர்ட்மனும் 1971இல் காட்டினார்கள். புரதமே இல்லாமல் வெறும் மாவுச்சத்தும் கொழுப்பும் கொடுத்த எலிகளின் மூளையில் டிரிப்டோபானும் செரோடோனினும் ஏறின! உணவில் டிரிப்டோபானே கிடையாது, ஆனாலும் ஏறியது. காரணம் இன்சுலின். மாவுச்சத்து சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின், லூசின் வகையறாக்களை ரத்தத்திலிருந்து தசைகளுக்குள் தள்ளிவிடுகிறது. டிரிப்டோபான் மட்டும் பெரும்பகுதி ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் அந்த அளவுக்கு வெளியேறுவதில்லை. கூட்டம் கலைந்துவிட, ஏற்கெனவே ரத்தத்தில் இருந்த டிரிப்டோபானுக்கு வழி கிடைக்கிறது. மூளையில் செரோடோனின் செய்யும் என்சைம் வழக்கமாக முழு வேகத்தில் ஓடுவதில்லை, மூலப்பொருள் கூடக் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் செய்யும். அதனால்தான் இந்த வித்தியாசம் செரோடோனின் அளவு வரைக்கும் போய்ச் சேருகிறது.

இதைப் படித்ததும் 'அப்போ இனிப்பு சாப்பிட்டால் மனசு நன்றாகிவிடும்' என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர், சிலர் அதை வைத்து உணவுத் திட்டமே விற்றார்கள். ஆனால் மனிதர்களின் உண்மையான சாப்பாட்டில் இந்த விளைவு சுலபமாகக் கரைந்துவிடுகிறது. உணவின் ஆற்றலில் ஐந்து சதவீதம் போலப் புரதம் கலந்தாலே போட்டியாளர்கள் திரும்பி வந்துவிடுவார்கள், விளைவு பெரும்பாலும் போய்விடும். தானியத்திலேயே அதைவிட அதிகப் புரதம் இருக்கிறது. ஆய்வகத்தில் கொடுக்கும் சுத்தமான மாவுச்சத்தைப் போல யாரும் நிஜ வாழ்க்கையில் சாப்பிடுவதில்லை.

இருந்தாலும் எல்லாமே பூஜ்யம் என்று சொல்லிவிடவும் முடியாது. சிட்னியில் நடந்து 2007இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், தூங்கப் போவதற்கு நான்கு மணி நேரம் முன்னால் ரத்தச் சர்க்கரையைச் சீக்கிரம் உயர்த்தும் மாவுச்சத்து உணவு சாப்பிட்ட 12 ஆண்களுக்கு, மெதுவாக உயர்த்தும் உணவு சாப்பிட்ட நாளைவிட வேகமாகத் தூக்கம் வந்தது, சராசரியாக 17.5 நிமிடத்துக்குப் பதில் 9 நிமிடம். அதே உணவைத் தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை. பன்னிரண்டு பேர், எல்லோரும் ஆரோக்கியமான இளைஞர்கள், சீக்கிரமே தூங்கிவிடுகிறவர்கள். தூக்கமின்மையால் வதைபடுகிறவருக்கு இது என்ன செய்யும் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் மார்க்குஸ் குழு வேறு வழியில் போனது, பாலில் இருக்கும் ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற புரதத்தில் டிரிப்டோபான் வழக்கத்தைவிடச் செறிவாக இருக்கும், அதை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் போட்டியாளர்களோடு ஒப்பிட்ட டிரிப்டோபானின் விகிதம் நன்றாகவே உயர்ந்தது, மன அழுத்தத்துக்கு எளிதில் ஆட்படுகிறவர்களிடம் ஓரளவு நன்மையும் தெரிந்தது. மற்றவர்களிடம் அப்படித் தெரியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இதே மாதிரி முடிவு இன்னொரு இடத்திலும் வரப்போகிறது.

படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான பால்? 200 மில்லி பாலில் தோராயமாக 80, 90 மில்லிகிராம் டிரிப்டோபான் இருக்கும், ஒரு முட்டையிலும் கிட்டத்தட்ட அதேதான். தூக்க ஆய்வுகளில் பலன் தெரிந்தது பெரும்பாலும் 1 கிராம் அல்லது அதற்கு மேல், அதுவும் சுத்தமான டிரிப்டோபானைத் தனியாகக் கொடுத்தபோது. பாலில் அந்த அளவைப் பிடிக்கப் பன்னிரண்டு டம்ளராவது குடிக்க வேண்டும், குடித்தாலும் கூடவே போட்டியாளர்களும் வந்து சேருவார்கள், அப்புறம் ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடக்க வேண்டியதுதான். பால் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பழக்கம், சூடு, பசி அடங்குவது, இனி வேலை இல்லை என்ற நிம்மதி, இவையெல்லாம் தூக்கத்துக்கு உதவுகிறவைதான். டிரிப்டோபானுக்குப் போகிற பாராட்டு மட்டும்தான் அதிகப்படி.

இதுவரை மூளைக்குள் நுழைவதைப் பற்றித்தான் பேசினோம். நுழைந்த பிறகு செரோடோனின் தூக்கத்தை வரவழைக்கிறதா? இதற்கு விஞ்ஞானிகளே பலமுறை மாற்றி மாற்றிப் பதில் சொல்லியிருக்கிறார்கள். 1960களில் பிரான்ஸில் ஜூவே என்ற ஆய்வாளர், பூனைகளின் மூளைத்தண்டில் செரோடோனின் செல்கள் கூடியிருக்கும் ராஃபே பகுதியைச் சிதைத்தால் அவற்றுக்குத் தூக்கம் போய்விடுகிறது என்று காட்டினார், செரோடோனின்தான் தூக்கத்தின் வேதிப்பொருள் என்று எல்லோரும் நம்பினார்கள். 1976இல் மெக்கின்டியும் ஹார்ப்பரும் அதே பகுதிச் செல்களில் மின்முனை வைத்துப் பார்த்தால், பூனை விழித்திருக்கும்போதுதான் அவை சுறுசுறுப்பாக இயங்கின, தூக்கத்தில் மந்தமாகி, கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய மௌனமாகிவிட்டன. முன்பு சொன்னதற்கு நேர் எதிர். பல காலம் 'செரோடோனின் விழிப்பின் கூட்டாளி' என்பதே பாடமாக இருந்தது. 2019இல் வரிக்குதிரை மீன்களிலும் எலிகளிலும் செய்த ஆய்வு மறுபடி திருப்பிப் போட்டது. ராஃபே செல்கள் இல்லாவிட்டால் தூக்கம் குறைகிறது, அவற்றைச் சீரான மெதுவான வேகத்தில் தூண்டினால் தூக்கம் கூடுகிறது, வெடிவெடியாகத் தூண்டினால் விழிப்பு வருகிறது. பகல் முழுக்க இயங்கி, தூக்கத்துக்கான தேவையை மெல்ல மெல்ல ஏற்றிவைக்கும் வேலையும் அதற்கு இருக்கலாம் என்பதுதான் இப்போதைய எண்ணம். செரோடோனினைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தூக்கம் கெடுவதும், கனவுத் தூக்கம் குறைவதும் இதனால்தான் ஆச்சரியமில்லை. கூட்டினால் தூக்கம், குறைத்தால் விழிப்பு என்ற நேர்கோட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

மெலடோனின் விஷயம் இதைவிடத் தெளிவானது. மூளையில் இருக்கும் பீனியல் சுரப்பியில் செரோடோனின் மெலடோனினாக மாறுவதை இரண்டு படிகள் முடிவு செய்கின்றன, அதில் முதல் படியைச் செய்யும் என்சைம் இருட்டில் வேகமெடுக்கும். கண் விழித்திரையிலிருந்து மூளையின் கடிகாரத்துக்குப் போகும் தகவல்தான் இதைக் கட்டுப்படுத்துகிறது. பிரகாசமான வெளிச்சம் பட்டால் மனிதர்களிலும் மெலடோனின் விழுந்துவிடும் என்று 1980இல் லூயி என்ற ஆய்வாளர் காட்டினார். மூலப்பொருள் எவ்வளவு நிறைய இருந்தாலும் ராத்திரி பதினொரு மணிக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் பளிச்சென்று திரை எரிந்துகொண்டிருந்தால் அந்த வேலை தாமதமாகத்தான் நடக்கும். தூக்கத்துக்காக ஒன்றை மாற்றலாம் என்றால் நான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் விளக்கைத்தான் மாற்றச் சொல்வேன்.

மனநிலைக்கு வருவோம். இங்கே ஒரு நேர்த்தியான சோதனை முறை இருக்கிறது. டிரிப்டோபானை மட்டும் விட்டுவிட்டு மற்ற அமினோ அமிலங்கள் எல்லாவற்றையும் கலந்து ஒரு பானமாகக் குடிக்கக் கொடுப்பார்கள். உடம்பு அவற்றை வைத்துப் புரதம் கட்டும்போது இருக்கிற டிரிப்டோபானையும் செலவழித்துவிடும், மிச்சமிருப்பது வாசலில் போட்டியாளர்களிடம் தோற்கும். சில மணி நேரத்தில் ரத்த டிரிப்டோபான் முக்கால் பங்குக்கு மேல் விழுந்துவிடும். செரோடோனின் குறைந்தால் மனச்சோர்வு என்பது அவ்வளவு எளிய உண்மையானால், இதைக் குடித்த எல்லோரும் சோர்ந்துபோக வேண்டும். ஆரோக்கியமான, குடும்பத்திலும் மனச்சோர்வு இல்லாதவர்களிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தில் டெல்காடோ 1990இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுத் தேறியிருந்த 21 பேரில் 14 பேருக்குச் சில மணி நேரத்தில் பழைய அறிகுறிகள் திரும்பின, வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் சரியானார்கள். செரோடோனின் வழியாக வேலை செய்யும் மருந்தால் தேறியவர்களிடம்தான் இது அதிகம், நார்அட்ரினலின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருள் வழியாக வேலை செய்யும் மருந்தால் தேறியவர்களிடம் குறைவு. ஆல்ஃபா லாக்டால்புமின் ஆய்வில் பார்த்த அதே முடிவு. டிரிப்டோபானின் ஏற்ற இறக்கம் எல்லோரையும் ஆட்டுவதில்லை, ஏற்கெனவே ஆடக்கூடிய நிலையில் இருப்பவர்களை ஆட்டுகிறது.

2022இல் மான்கிரீஃப் குழு பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று எழுதியது, பெரிய சர்ச்சை ஆனது. பல ஆய்வாளர்கள் அந்தத் தொகுப்பின் முறையைக் கடுமையாக விமர்சித்து மறுப்பு எழுதினார்கள். என் பார்வையில், 'மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைந்துவிட்டது, அதை நிரப்பினால் சரி' என்ற எளிய வடிவம் விழுந்துவிட்டது, அது விழுந்ததால் மருந்துகள் வேலை செய்வதில்லை என்று ஆகிவிடாது. மருந்து சில மணி நேரத்திலேயே செரோடோனின் அளவை மாற்றுகிறது, மனநிலை தேறுவதற்கோ வாரக்கணக்காகிறது. இடைப்பட்ட காலத்தில் நரம்புகள் தங்களை மாற்றிக்கொள்கின்றன, அளவு மட்டுமே கதை என்றால் இந்தத் தாமதமே வந்திருக்கக் கூடாது. மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அதில் வேறு தொல்லைகள் வரும்.

95 சதவீதம் போகிறது என்றேனே, அந்தக் கைனுரெனின் பாதையைப் பற்றி உணவுப் பட்டியல்கள் வாயே திறப்பதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. உடம்பில் அழற்சி இருந்தால், அதாவது நோய் எதிர்ப்பு மண்டலம் தொடர்ந்து உசுப்பேறியிருந்தால், அது ஒரு என்சைமைத் தூண்டி டிரிப்டோபானை இன்னும் அதிகமாக இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள், அது இந்த என்சைமை நன்றாகத் தூண்டும். அந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் கணிசமானவர்களுக்கு மனச்சோர்வு வந்தது, அவர்களின் ரத்தத்தில் டிரிப்டோபான் குறைந்திருந்ததையும் பார்த்தார்கள். டிரிப்டோபான் குறைவது மட்டுமல்ல, இந்தப் பாதையில் உருவாகும் சில பொருள்கள் நரம்புகளை எரிச்சலூட்டும், சில காக்கும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2014இல் எலிகளில் காட்டினார்கள், உடற்பயிற்சியால் பழகிய தசை, மூளைக்குள் போகக்கூடிய கைனுரெனினைப் போக முடியாத வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. உடற்பயிற்சி இன்னொன்றும் செய்யும். நீண்ட நேரம் இயங்கும்போது தசைகள் லூசின் வகையறாக்களை எரித்துவிடும், ரத்தத்தில் ஏறும் கொழுப்பமிலங்கள் ஆல்புமினோடு ஒட்டியிருந்த டிரிப்டோபானை விடுவிக்கும், இரண்டும் சேர்ந்து மூளைக்கு வழி திறக்கும். மாவுச்சத்து செய்வதாகச் சொன்ன வேலையை நடையும் ஓட்டமும் செய்துவிடுகின்றன.

நிஜமான குறைபாடு எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளலாம். பெல்லாக்ரா என்ற நோய், மக்காச்சோளத்தையே முழுக்க நம்பியிருந்த ஏழை மக்களிடம் பரவலாக இருந்தது. மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் குறைவு, இருக்கிற நியாசினும் உடம்புக்குக் கிடைக்காதபடி கட்டுண்டிருக்கும். தோல் புண், வயிற்றுப்போக்கு, கூடவே தூக்கமின்மை, சோர்வு, கடைசியில் மனக்குழப்பம். இது தொற்றுநோய் அல்ல, உணவுதான் காரணம் என்று கோல்ட்பெர்கர் அமெரிக்காவில் 1910களிலிருந்து மன்றாடினார், நியாசின்தான் மருந்து என்பது 1937இல் தெளிவானது. செரோடோனினை அளவில்லாமல் சுரக்கும் கார்சினாய்டு கட்டி உள்ள சிலருக்கும் பெல்லாக்ரா வரும், கட்டியே டிரிப்டோபானைத் தின்றுவிடுவதால்.

மற்ற அமினோ அமிலங்களில் தூக்கத்துக்காக அதிகம் பேசப்படுவது கிளைசின். படுக்கும் முன் 3 கிராம் எடுத்தவர்களுக்குத் தூக்கத்தின் தரம் கூடியதாக ஜப்பானில் சில சின்ன ஆய்வுகள் சொல்கின்றன, கை கால் ரத்த ஓட்டத்தைக் கூட்டி உடம்பின் உள்வெப்பத்தைக் கொஞ்சம் குறைப்பதன் மூலம் என்கிறார்கள். செரோடோனினோடு இதற்குச் சம்பந்தமில்லை. டைரோசின், டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளுக்கு மூலப்பொருள், கடுங்குளிரிலும் தூக்கமில்லாத நிலையிலும் கவனம் சிதறாமல் இருக்க உதவுகிறதா என்று ராணுவ ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், தூக்கத்துக்கு அல்ல.

உணவில் முடியாது என்றால் மாத்திரையாக எடுக்கலாமே என்று தோன்றும். 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபான் மாத்திரை எடுத்தவர்களில் 1,500க்கும் மேற்பட்டோர் தசைவலியும் ரத்த அணு மாற்றங்களும் கொண்ட ஒரு கொடிய நோய்க்கு ஆளானார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவை ஜப்பானில் இருந்த ஒரே தயாரிப்பாளரின் சரக்கோடு தொடர்புடையவை, தயாரிப்பில் கலந்த மாசுகள்மேல் சந்தேகம் விழுந்தது. பல ஆண்டுகள் விற்பனைக்குக் கட்டுப்பாடு இருந்தது. இப்போது கடைகளில் அதிகம் தென்படுவது 5-ஹெச்டிபி, டிரிப்டோபானுக்கும் செரோடோனினுக்கும் நடுப்படியில் இருப்பது. இது மேலே சொன்ன போட்டியையும் மந்தமான என்சைமையும் தாண்டி நேராகச் செரோடோனினாக மாறிவிடும், அதனால்தான் வலிமையானது, அதனால்தான் ஆபத்தும். மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் செரோடோனின் மிதமிஞ்சி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று போய் உயிருக்கே உலை வைக்கலாம். வலிக்குத் தரும் டிரமடால், சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், லைன்சோலிட் என்ற ஆன்டிபயாட்டிக் எல்லாமே இந்தக் கூட்டணியில் சேரக்கூடியவை. மருத்துவர் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது, இது வெறும் சத்து மாத்திரைதானே என்று பலர் 5-ஹெச்டிபியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பட்டியலில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.